115 நாள் இடைவெளிக்கு 49 சதவீதப் பங்கா? ஊவாவில் ஒரு தேயிலைப் பட்டறையின் முன் மூன்று வழிகள்

சென்ற போயா தினத்தன்று என் அக்காவின் மகன் பண்டாரவளையிலிருந்து வந்து இறங்கினான். ஒரு கையில் கோப்பு, மறு கையில் அரைக் கிலோ தூள். தூளை மாமியிடம் கொடுத்துவிட்டுக் கோப்பை என் மேசையில் விரித்தான்.

"மாமா, மூன்று பேர் கேட்கிறார்கள். மூன்றும் நல்லதாகத்தான் தெரிகிறது. எதற்குச் சரி சொல்லட்டும்?"

ஒரு வங்கியின் ஏற்றுமதி, இறக்குமதி மேசையில் 26 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். மூன்றும் நல்லதாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால், ஏதோ ஒரு செலவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன். அன்று மாலை தொடங்கிய பேச்சு மூன்று வாரம் நீண்டது. இவனைப் போலச் சிறிய அளவில் தூள் செய்து, வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கும் பிள்ளைகள் ஹப்புத்தளையிலும் தலவாக்கலையிலும் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பட்டறையைச் சொல்லிவிடுகிறேன். 3 ஏக்கர் தேயிலை. அத்தான் 30 வருடம் சில்லறைக் கடை நடத்தி, ஒவ்வொரு ஏக்கராக வாங்கியது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு 7 பேர்ச் (ஏக்கரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு) காணியே பெரும் போராட்டமாக இருக்கும் மலையகத்தில் சொந்தப் பெயரில் 3 ஏக்கர் என்பது என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. பிறகு வரும் ஒரு முடிவுக்கு இது காரணமாக இருப்பதால் இங்கேயே சொல்கிறேன். காணியின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சிறு ஸ்டோர் (தூள் செய்யும் ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஒரு சிறிய உருட்டும் இயந்திரம், விறகில் ஓடும் உலர்த்தி, ஆறு பெண்கள். மாதம் ஏறக்குறைய 200 கிலோ தூள். பாதி சொந்தக் கொழுந்து, மீதி சுற்றியுள்ள இருபது குடும்பங்களிடம் வாங்குவது. தேயிலைச் சபையில் பதிவு உண்டு.

வந்த கோரிக்கைகள் இவை. கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கம்பனி: எவ்வளவு இருந்தாலும் கிலோ 2,400 ரூபாவுக்கு எடுத்துக்கொள்கிறோம், சரக்கு வந்து பத்து நாளில் பணம். ஜேர்மனியில் ஒரு சிறு தேநீர் வணிகர்: மாதம் 100 கிலோ, கிலோ 18 டொலர், சரக்கு கைக்கு வந்து 15 நாளில் பணம். டுபாயில் ஒரு வர்த்தகர்: ஒன்றரைக் கோடி ரூபா முதலீடு, பதிலாக 49 சதவீதப் பங்கு, விளையும் தூள் முழுவதும் அவருக்கே. நாலாவதாக ஒரு ஜப்பான்காரரும் உண்டு. அவர் எதையும் கேட்கவில்லை, ஒரு வருடமாக மாதிரி மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கொழும்பு: முகம் இல்லை, தூக்கம் உண்டு

இளைஞர்களுக்குக் கொழும்பு வழி பிடிப்பதில்லை. பெட்டியில் நம் பெயர் இருக்காது, தூள் எந்த ஊருக்குப் போகிறது என்றும் தெரியாது. மருமகனும் அதைத்தான் சொன்னான். "நம் தூளை வேறு யாருடைய தூளோடோ கலந்து ஈராக்குக்கு அனுப்புவார்கள், மாமா." அனுப்பட்டுமே என்றேன்.

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த அமைப்பு செய்வது ஒரே வேலை: தூரத்து நாட்டின் ஆபத்தை மலையிலிருக்கும் ஸ்டோருக்கு நேராக வரவிடாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது. 2020 முதல் ஏலம் கணினித் திரைக்கு மாறிவிட்டது, வேலை மாறவில்லை. 2017 டிசம்பரில் ரஷ்யா ஒரு சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. நாங்கள் கல்நார் இறக்குமதிக்குத் தடை போடப்போவதாக அறிவித்ததற்குப் பதிலடி என்று பலர் பேசிக்கொண்டார்கள். சில நாட்களில் தடை நீங்கியது. நேரடியாக மொஸ்கோவுக்கு மட்டும் விற்ற ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கிறிஸ்மஸ் அவருக்கு எப்படிப் போயிருக்கும்? ஏலத்தில் விற்றவருக்கு விலை சற்று ஆடியிருக்கும், அவ்வளவுதான்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய எண்ணெய்க்கு நாடு கொடுக்கவேண்டிய ஏறக்குறைய 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்கலாம் என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். நல்ல தேயிலை குடிக்கும் மக்கள், நம் பழைய வாடிக்கையாளர். வாங்க விருப்பம் இருந்தாலும் தடைகளால் டொலர் அனுப்ப வழியில்லை. வாங்குபவன் நல்லவனாக இருப்பதும் அவனுடைய பணம் நம் கணக்குக்கு வந்து சேர்வதும் இரு வேறு விடயங்கள். அந்த இரண்டாவது கவலையைக் கொழும்புக் கம்பனி தன் தலையில் போட்டுக்கொள்கிறது. 2,400 ரூபா குறைவாகத் தெரிவது அதனால்தான்.

குறைவுதான், மறுக்கவில்லை. ஒரு கிலோ தூளுக்கு 4.65 கிலோ கொழுந்து வேண்டும். தேயிலைச் சபையின் கணக்கும் 21.5 சதவீதம்தான். நுண்ணிய கொழுந்துக்கு மருமகன் கிலோ 350 ரூபா கொடுக்கிறான், அது 1,627 ரூபா. கூலி, விறகு, மின்சாரம் 500. ஆக 2,127. கையில் மிஞ்சுவது கிலோவுக்கு 273 ரூபா. மாதம் 200 கிலோவுக்கு 54,600. இதை வைத்துப் பெரிதாக எதுவும் கட்ட முடியாது. ஆனால் கொழுந்து போடும் இருபது வீடுகளுக்கும் பதினைந்தாம் தேதி முற்பணம், மாத முடிவில் மீதி என்று தவறாமல் கொடுக்க முடியும். ஒரு மாதம் தவறினால் மறுமாதம் அவர்களின் கொழுந்து பக்கத்துப் பெரிய ஸ்டோரின் லொறியில் ஏறிவிடும். உறவு, பழக்கம் எதுவும் அந்த லொறியை நிறுத்தாது.

ஜேர்மனி: கேள்விகளே கேள்விகள்

ஜேர்மன் வணிகரின் இரண்டாவது மின்னஞ்சலில் இலக்கமிட்டு 14 கேள்விகள். முதல் வரியில் ஒரு வணக்கம், உடனே கேள்வி. ஒன்பதாவது கேள்வியைப் படித்ததும் மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது: "உங்கள் உலர்த்தியில் புகை கசிகிறதா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?"

"நம்மைக் களவாளி என்கிறாரா, மாமா?"

களவாளி என்றால் அவர் எழுதியே இருக்கமாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் தேயிலைக்கு ஆந்த்ராக்வினோன் என்ற பொருளின் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதை யாரும் தெளிப்பதில்லை. விறகுப் புகை உலர்த்தியின் குழாயில் உள்ள துளை வழியாகச் சூடான காற்றோடு கலந்தாலே தூளில் ஏறிவிடும். மலையில் பெரும்பாலான உலர்த்திகள் விறகில் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை போதும், 100 கிலோவும் ஹம்பேர்க் துறைமுகத்தில் நின்றுவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே பண்டாரவளைக்குப் போனேன். அடுப்பை மூட்டி, உலர்த்தித் தட்டுகளை வெறுமையாக விட்டு, சூடான காற்று வரும் வாயில் என் பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழத் துண்டைக் கட்டினோம். இருபது நிமிடம் கழித்து அவிழ்த்தபோது துண்டின் இடது மூலையில் ஒரு ரூபா நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறம். முகர்ந்து பார்த்தேன், குசினி வாசனை. மருமகன் ஒன்றும் பேசாமல் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒன்பதாவது கேள்விக்கு அன்றிரவு அவன் எழுதிய பதில்: "கசிகிறது. குழாய் மாற்றுகிறோம். மாற்றிய பிறகு மாதிரி அனுப்புகிறோம்." மறுநாள் காலையே பதில் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதில் நன்றி என்ற சொல் இருந்தது.

ஐரோப்பியருடன் வியாபாரம் செய்யும்போது நம் ஆட்கள் சறுக்கும் இடம் இதற்கு நேர் எதிரானது. நாம் 'சரி' என்று சொல்வதில் கை தேர்ந்தவர்கள். துரை சொன்னாலும் சரி, கணக்கப்பிள்ளை சொன்னாலும் சரி, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகவில்லை. தோட்டத்து வாழ்க்கை அப்படிப் பழக்கிவிட்டது. "பெப்ரவரியில் இதே தரத்தில் தர முடியுமா?" என்று ஜேர்மன்காரர் கேட்டிருந்தார், மருமகன் பிரச்சினை இல்லை என்று எழுதியிருந்தான். ஊவாவின் தரம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்றில் வருவது. பெப்ரவரித் தூளில் அந்த வாசனை எங்கிருந்து வரும்? இங்கே 'பிரச்சினை இல்லை' என்றால் 'முயல்வேன்' என்று அர்த்தம். அங்கே அது எழுத்தில் கொடுத்த வாக்குறுதி. அந்த வரியைத் திருத்தி, பருவத் தூளுக்கு ஒரு விலை, மற்ற மாதத் தூளுக்கு இன்னொரு விலை என்று எழுதச் சொன்னேன். விலை குறையும் என்று பயந்தான். அவர் பருவமில்லாத மாதங்களுக்கு 2 டொலர் குறைத்தார், மாத அளவைக் குறைக்கவில்லை.

கணக்கு இப்படி. 18 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 5,400. கொழுந்தும் கூலியும் 2,127. பொதி, ஆய்வுகூடப் பரிசோதனை, கப்பல் கூலி, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,300. மிஞ்சுவது 1,973 ரூபா, கொழும்பைப் போல ஏழு மடங்கு. பருவமில்லாத மாதங்களில் 16 டொலர் என்றால் 1,373, அதுவும் ஐந்து மடங்கு. சொந்தக் கொழுந்தையும் வாங்கும் விலையிலேயே போட்டிருக்கிறேன். வீட்டுக் கொழுந்து இலவசம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் முதலில் மூழ்குகிறார்கள்.

இனி இரண்டு ஆபத்துகள். முதலாவது நாணயம். 2022 மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டது, 2024 முடிவில் 290 சொச்சம். கொழுந்து விலையும் கூலியும் ரூபாவில் ஏறிக்கொண்டே இருக்க, டொலர் இறங்கினால் 18 டொலரின் மதிப்பு நம் கண் முன்னே கரையும். டொலர் 270 ஆனால் இலாபம் 1,973 இலிருந்து 1,433 ஆகும். தாங்கலாம், ஆனால் பட்ஜெட்டை 300 இல் போடாமல் 270 இல் போட வேண்டும்.

இரண்டாவதுதான் உண்மையான கதை: நாட்கள். 100 கிலோ சேர 30 நாள். மாதிரி அனுப்பிப் பரிசோதனை அறிக்கை வர 15. ஆவணங்கள், சுங்கம், கப்பலில் இடம் 10. கடலில் 45. 2023 இன் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகவேண்டி வந்த பிறகு இதை நான் குறைத்துப் போடுவதில்லை. சேர்ந்த பிறகு 15. கூட்டினால் 115 நாள். முதல் கொழுந்தைக் கிள்ளிய நாளிலிருந்து முதல் டொலர் வரும் நாள்வரை, அடுத்தடுத்த நான்கு மாதத்துச் சரக்குக்கும் நம் கைக்காசு போகவேண்டும். 100 கிலோவுக்கு 3,42,700 ரூபா. நான்கு மடங்கு 13,70,800. மருமகனிடம் இருப்பது 6 இலட்சம்.

இந்த ஏழே முக்கால் இலட்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயக் கடிதம், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி, திறக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். 1,800 டொலர் சரக்குக்கு நாணயக் கடிதம் என்பது எலிக்கு யானைத் தீனி போடுவது போன்றது, இரு பக்க வங்கிக் கட்டணமும் இலாபத்தைத் தின்றுவிடும். என் மேசையில் ஒருமுறை நடந்தது: கடிதத்தில் இருந்த தோட்டத்தின் பெயருக்கும் கப்பல் ஆவணத்தில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். தட்டச்சுப் பிழை, என் கண்ணுக்கும் தப்பிவிட்டது. வாங்குபவரின் வங்கி பணத்தை நிறுத்தியது. வங்கிகள் பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், பெட்டிக்குள் தேயிலை இருக்கிறதா மரத்தூள் இருக்கிறதா என்பது அவர்களின் வேலை இல்லை. தெளிவுபடுத்தி முடிப்பதற்குள் வாங்குபவர் சந்தை விலை இறங்கியதைக் காட்டித் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். அந்த ஏற்றுமதியாளர் அதன் பிறகு தேநீர் குடிக்க என் மேசைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். சிறு சரக்குக்கு முற்பணமும், மீதிக்கு இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் காப்புறுதியும் போதும்.

ஜப்பான், சுருக்கமாக

ஜப்பானில் ஊவாவை டார்ஜிலிங், கீமுன் இரண்டுடனும் சேர்த்து உலகின் மூன்று பெரும் தேயிலைகள் என்பார்கள். கச்சான் காலத்துத் தூளில் வரும் அந்தப் புதினா போன்ற வாசனைக்குக் காசு கொடுக்கத் தயங்காதவர்கள். ஆனால் அங்கே, தனி எல்லை குறிக்கப்படாத எந்த இரசாயனத்துக்கும் 0.01 பிபிஎம் (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்) என்ற பொது எல்லை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2015 இல் இங்கே கிளைபோசேற்றைத் தடை செய்தார்கள், தோட்டங்கள் வேறு களைகொல்லிக்குப் போயின, அதன் எச்சம் ஜப்பான் போன தேயிலையில் அகப்பட்டு 2018 இல் பெரிய தலைவலியானது. கொழும்பில் அரசியல் காரணத்துக்காகப் போட்ட கையெழுத்து ஒன்று யோகோஹாமாவில் சரக்கை நிறுத்தியது.

மருமகனுக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. கொழுந்து போடும் இருபது வீடுகளில் ஒருவர் களைக்கு மருந்தடித்தால் போதும். ஆகவே ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் சொந்த 3 ஏக்கர் கொழுந்து மட்டும், அக்கம்பக்கத்துக் கொழுந்து கொழும்புக்கு. இரண்டையும் ஒரே தட்டில் உலர்த்துவதும் கூடாது.

அந்த ஜப்பான்காரர் மூன்று தடவை "பரிசீலிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். மருமகன் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறான். நம் வீட்டில் கல்யாணப் பேச்சில் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தமோ, பெரும்பாலும் அதே அர்த்தம்தான் என்றேன். இருந்தாலும் கச்சான் தூளில் அரைக் கிலோ அனுப்பி வைக்கட்டும், செலவு பெரிதில்லை.

டுபாய்: விருந்து பெரிது, காகிதம் அதைவிடப் பெரிது

டுபாய் வர்த்தகர் நேரிலேயே வந்தார். இரண்டு மணி நேரம் குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, மழை, அத்தானின் உடல்நலம். கடைசிப் பத்து நிமிடம் வியாபாரம். ஜேர்மன்காரரின் 14 கேள்விகளுக்குப் பிறகு இந்த அன்பு மருமகனை உருக்கிவிட்டது. குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம், நம் வழக்கமும் அதுதான். முதலில் மனிதரைப் பார்த்துவிட்டுப் பிறகு பொருளைப் பார்ப்போம். அவருடைய வார்த்தை சுத்தம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் போன பத்தாம் நாள் வந்த ஒப்பந்த வரைவை அவர் எழுதவில்லை, அவருடைய சட்டத்தரணி எழுதியிருந்தார். 41 பக்கம்.

ஏன் 49? 50 ஆகவே கேட்டிருக்கலாமே என்று மருமகன் வியந்தான், அடக்கமான மனிதர் என்று. 2014 இன் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி, 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் பங்கு வைத்திருக்கும் கம்பனிக்குக் காணியின் உரிமையை மாற்ற முடியாது. வரைவின் ஆறாம் பக்கத்தில் 3 ஏக்கரையும் புதிய கம்பனியின் பெயருக்கு மாற்றவேண்டும் என்று இருந்தது. அடக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. இதில் சதி எதுவும் இல்லை, எந்த முதலீட்டாளரும் தன் பணத்துக்குப் பிடிமானம் தேடுவார். ஆனால் அந்தப் பிடிமானம் அத்தானின் 30 வருடம்.

51 நம்மிடம் இருந்தால் முடிவு நம்முடையதுதானே என்ற நினைப்பும் தவறு. 2007 இன் கம்பனிகள் சட்டத்தில் விசேட தீர்மானத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றுவதற்கும், பெரிய கொடுக்கல் வாங்கலுக்கும் அது தேவை. 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் எவரும் அதை நிறுத்திவிடலாம். 49 உள்ளவர் கேட்காமல் பெரிதாக எதுவும் அசையாது. வரைவில் அதற்கு மேலும் ஒரு பட்டியல்: விலை, புதிய வாடிக்கையாளர், கடன், ஆட்சேர்ப்பு எல்லாவற்றுக்கும் அவருடைய எழுத்துச் சம்மதம். ஐந்து வருடம் கழித்து அவர் விரும்பினால் தன் பங்கை நாமே திரும்ப வாங்கவேண்டும், அதுவும் டொலரில் கணக்கிட்ட விலைக்கு. ரூபா மீண்டும் ஒருமுறை 2022 போல விழுந்தால் அந்த ஒரு வாக்கியமே பட்டறையை விழுங்கிவிடும். பிணக்கு வந்தால் டுபாயில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவதற்கு 1995 இன் நடுத்தீர்ப்புச் சட்டம் வழி செய்கிறது, ஆகவே தூரத்துத் தீர்ப்புத்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது.

தூள் முழுவதும் அவருக்கே என்ற பந்தி இன்னொன்று. டுபாயில் பல நாட்டுத் தேயிலையைக் கலந்து பொதிசெய்து மறு ஏற்றுமதி செய்யும் பெரிய மையம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே கென்யத் தூளோடு கலந்த பிறகு ஊவா என்ற பெயருக்கு வேலை இல்லை. தேயிலைச் சபை கொடுக்கும் சிங்க இலச்சினையும் கிடைக்காது. அந்த இலச்சினை, முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டதற்கு மட்டும். முகம் இல்லை என்று கொழும்பைக் கோபித்த பையன், 49 சதவீதமும் கொடுத்து அதே முகமின்மையை வாங்கப் போகிறான்.

வெளிநாட்டு முதலீடே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. இந்த மலையே வெளிநாட்டுக் காசில் வெட்டப்பட்டது. கோப்பி, 1869 இல் வந்த இலைநோய், பிறகு தேயிலை. ஸ்டேர்லிங் கம்பனித் தோட்டம், ரூபாய் கம்பனித் தோட்டம் என்று என் தாத்தா பிரித்துச் சொல்வார். இலாபம் இலண்டனுக்குப் போனதா கொழும்புக்குப் போனதா என்பதுதான் வித்தியாசம், லயத்துக்கு எதுவும் வரவில்லை. 1975 இல் எல்லாம் அரசுக்கு வந்தது, 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. யாருடைய காசு என்பது பெரிய கேள்வி அல்ல, எந்த நிபந்தனையில் வருகிறது என்பதே கேள்வி. மருமகன் 20 ஏக்கருக்கு விரிவாக்கி, நவீன உலர்த்தியும் தரச் சான்றிதழும் தேவைப்படும் நிலையில் இருந்தால் நானே முதலீட்டுச் சபையின் வாசலுக்குக் கூட்டிப் போவேன். பணம் வெளிநாட்டு முதலீட்டுக்கென்றே வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரட்டும், காணி கம்பனிக்குக் குத்தகையாக மட்டும் போகட்டும், பங்கு 25 ஐத் தாண்டாமல் இருக்கட்டும் என்பேன்.

இன்று அவனுடைய தேவை என்ன? ஏழே முக்கால் இலட்சம், அதுவும் 115 நாளுக்கு. அந்த ஓட்டையை அடைக்க ஒன்றரைக் கோடியை உள்ளே விட்டு, பட்டறையில் பாதியை நிரந்தரமாகக் கொடுப்பது வாய்க்கால் உடைப்புக்கு ஆற்றைத் திருப்புவது போல இருக்கிறது.

மேசையில் மிஞ்சியது

ஜேர்மன்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: கட்டளையோடு 40 சதவீதம் முற்பணம் தருவீர்களா? மருமகனுக்குக் கூச்சம். காசு கேட்டால் ஏழை என்று நினைப்பாரே என்றான். அவர்கள் நாட்டில் அது கௌரவப் பிரச்சினை இல்லை, நிபந்தனை எண் ஆறு, அவ்வளவுதான். 1,800 இல் 40 சதவீதம் 720 டொலர், 2,16,000 ரூபா. 100 கிலோவுக்குக் கைக்காசு 3,42,700 இலிருந்து 1,26,700 ஆகிறது. நான்கு மாதச் சரக்குக்கும் சேர்த்து 5,06,800. அவனிடம் இருக்கும் 6 இலட்சத்துக்குள் அடங்கிவிட்டது. பருவமில்லாத மாதத்தில் முற்பணம் சற்றுக் குறையும், நான்கும் அப்படி அமைந்தாலும் 6 இலட்சத்தை 2,800 ரூபாதான் தாண்டும். பங்கும் தேவையில்லை, வங்கிக் கடனும் தேவையில்லை.

பதில் நான்காம் நாள் வந்தது. 30 சதவீதம் முடியும், 40 முடியாது, அதுவும் புதிய குழாயில் உலர்த்திய மாதிரி ஆய்வுகூடத்தில் தேறிய பிறகு. 30 இல் கணக்குப் போட்டால் நான்கு சரக்குக்கு 7,22,800. ஏறக்குறைய ஒன்றேகால் இலட்சம் இடிக்கிறது, பருவமில்லாத மாதங்களில் இன்னும் கொஞ்சம். ஆகவே முதல் நான்கு மாதம் 100 கிலோவுக்குப் பதில் 75 என்று ஒப்புக்கொண்டார்கள். மிச்சத் தூளும் அக்கம்பக்கத்துக் கொழுந்தும் கொழும்புக் கம்பனிக்கு. இரண்டு வழியும் சேர்ந்து ஓடட்டும். கொழும்புக்காரர் பத்து நாளில் தரும் பணம்தான் இருபது வீடுகளின் முற்பணம் என்பதால் அந்தக் கணக்கை மூட நான் விடமாட்டேன். ஒரு வருடம் கழித்து டொலர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அளவை மாற்றலாம்.

குழாய் ஒட்டுபவர் வெலிமடையிலிருந்து திங்கட்கிழமை வருகிறார். அதற்குப் பிறகு இன்னொரு வேட்டித் துண்டு.

நேற்றிரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தான். டுபாய்க்குப் பதில் எழுதவேண்டுமாம், அவ்வளவு அன்பாக வந்துபோன மனிதரை எப்படி நோகடிப்பது என்று கேட்டான்.

"பார்க்கலாம் என்று எழுதிவிடட்டுமா, மாமா?"

"வேண்டாம். பங்கு விற்பதில்லை, தூள் வேண்டுமானால் தருகிறோம், கிலோ 18 டொலர், 30 சதவீதம் முற்பணம் என்று எழுது. கடைசியில் அவருடைய பிள்ளைகளின் படிப்பை விசாரித்து இரண்டு வரி எழுது."